அவசர அடுப்பும் ஒரு குவளை நீரும்

1952ஆம் ஆண்டு மே 27 இரவு. எவரெஸ்ட்டின் தென்கிழக்கு முகட்டில், ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு கூடாரத்துக்குள் இருவர் ஒடுங்கிக் கிடந்தனர். ஒருவர் ஜெனீவாவைச் சேர்ந்த மலை வழிகாட்டி ரேமோன் லாம்பெர்; மற்றவர் டார்ஜிலிங்கிலிருந்து சென்ற டென்சிங் நோர்கே. அங்கு இரவு தங்குவதென்று முன்கூட்டியே தீர்மானித்து அவர்கள் ஏறவில்லை. உறக்கப்பை இல்லை, அடுப்பும் இல்லை. காலியான உணவு டப்பா ஒன்றில் பனியை இட்டு, மெழுகுவத்திச் சுடரின்மேல் பிடித்து, உருகிய சிறிதளவு நீரைப் பங்கிட்டுக் குடித்தனர். மறுநாள் ஏறத்தாழ 8,595 மீட்டர் வரை ஏறிய பின் உடல் ஒத்துழைக்காமல் திரும்பினர். அதுவரை மலையேறிகள் எட்டிய உயரங்களுள் அது முதன்மையானது. எனினும் சிகரம் இன்னும் 250 மீட்டருக்கு மேல் எஞ்சியிருந்தது.

மெழுகுவத்தி ஒன்று வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 80 வாட். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலுள்ள பனி ஒரு கிலோவை வெறும் நீராக்கவே 376 கிலோஜூல் வேண்டும். ஒரு துளி வெப்பமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் நீருக்கு அச்சுடர் 78 நிமிடம் எரிந்தாக வேண்டும். கூடாரத்துள் கையில் பிடித்த டப்பாவுக்கு அவ்வெப்பத்தில் பெரும்பகுதி சேராது. அன்றிரவு இருவருக்கும் கிடைத்த நீரின் அளவை இந்தக் கணக்கே ஊகிக்கச் செய்யும்.

கைக்கடக்கமான அவசர அடுப்புகளை மதிப்பிடுவோர் இன்று பெரும்பாலும் மூன்றைப் பார்க்கின்றனர்: எடை, மடித்தபின் பருமன், ஒரு லிட்டர் நீர் கொதிக்க ஆகும் நிமிடங்கள். அந்த ஒரு லிட்டர் வழக்கமாகக் குழாயிலிருந்து பிடித்த நீர். ஓடையும் சுனையும் உள்ள காட்டில் இவ்வளவுகோல் போதும். நீர் முழுவதும் உறைந்து கிடக்கும் நிலத்தில் இது பிழைபடும். 20 பாகையிலுள்ள குழாய்நீர் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் போதும். மேற்சொன்ன பனியை உருக்கிக் கொதிக்கவைக்கவோ 795 கிலோஜூல் வேண்டும்; அதாவது இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவு. துருவத்திலும் உயர்மலையிலும் அடுப்பு முதலில் கிணறு. சமையல் அதற்குப் பின்னால்தான். கடந்த நூற்றைம்பது ஆண்டுப் பயண வரலாற்றில் அடுப்பால் பிழைத்தோரையும் அடுப்பால் கெட்டோரையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், கொதிநேரம் எந்த இடத்திலும் முடிவைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. எரிபொருளின் அளவும், அது அடைக்கப்பட்ட பாத்திரமும், கூடாரத்துக் காற்றுமே தீர்மானித்தன.

1888 ஆகஸ்டில் ஃபிரித்யோஃப் நான்சென் தலைமையில் ஆறு பேர் கிரீன்லாந்தின் உட்பகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கப் புறப்பட்டனர். அவர்களுள் சாமுவேல் பால்ட்டோ, ஓலே ராவ்னா ஆகிய இருவரும் சாமி இனத்தவர். அவர்களிடம் இருந்தது எரிசாராய அடுப்பு. எரிசாராயம் கிலோவுக்கு ஏறத்தாழ 27 மெகாஜூல் வெப்பம் தரும். மண்ணெண்ணெய் 43 தரும். பனிச்சறுக்கு வண்டியைத் தாமே இழுத்துச் செல்வோர்க்கு இந்த வேறுபாடு தோளில் தெரியும். சாராயத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்ததால் பகற்பொழுதில் தாகம் வாட்டியது. தகரக் குப்பிகளில் பனியை அடைத்து மார்போடு வைத்து உடற்சூட்டால் உருக்கினர். உடம்பே அடுப்பானால் அதற்கு எரிபொருள் உண்ட உணவுதான். அவ்வுணவும் அளந்து கட்டப்பட்டது. ஆகவே அது சிக்கனமன்று, கடன்.

நான்சென் திரும்பிய சில ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் விடை கிடைத்தது. தொழிற்சாலை இயந்திரப் பணியாளராக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லின்ட்க்விஸ்ட் 1892இல் திரியில்லாத மண்ணெண்ணெய் அடுப்பொன்றை உருவாக்கினார். பற்றவைப்போர் கையாண்ட ஊதுவிளக்கின் தத்துவத்தையே அவர் அடுப்புக்கு மாற்றினார். பித்தளைத் தொட்டியிலுள்ள எண்ணெயைக் கைப்பம்பால் அழுத்த, அது குழாய்வழி மேலேறி, சூடான பர்னருக்குள் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே பீறிட்டு, காற்றுடன் கலந்து நீலச்சுடராக எரியும். புகைக்கரி இல்லை, வெப்பம் மிகுதி. முதலில் பர்னரைச் சூடேற்றச் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் எரிசாராயம் ஊற்றிக் கொளுத்த வேண்டும் என்பது ஒன்றே அதன் பிடிவாதம். இலத்தீனில் 'முதலாவது' எனப் பொருள்படும் 'பிரைமஸ்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அப்பெயர் சென்ற வழி தனியே எழுதத்தக்கது. ருஷ்யம், போலிஷ், ஹீப்ரு மொழிகளில் வணிகப்பெயரே அடுப்பின் பொதுப்பெயராயிற்று; புல்காகோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலில் பூனை கையில் பிரைமஸோடு வருவதை அந்நாவலைப் படித்தோர் மறந்திரார். அரபு பேச்சுவழக்குகளில் ஆவியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்த 'பாபூர்' நிலைத்தது. தமிழ் வேறு வழியில் சென்றது. அடுப்பைப் 'பம்பு ஸ்டவ்' என்று அதன் செயலால் பெயரிட்டது. அதன் எண்ணெயான 'கெரோசின் ஆயில்' மக்கள் நாவில் 'கிருஷ்ணாயில்' ஆயிற்று. துளை அடைத்துக்கொண்டால் பின் கொண்டு குத்தியதும், பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோனால் எண்ணெயில் ஊறவைத்ததும் இந்திய நடுத்தரக் குடும்பங்களின் நினைவில் இன்றும் உள்ளவை. அந்தத் தோல் வாஷரை இங்கே குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அது மீண்டும் வரும்.

1895 மார்ச் 14 அன்று பனிக்கடலில் உறைந்து மிதந்துகொண்டிருந்த 'ஃபிராம்' கப்பலை விட்டு நான்செனும் யால்மார் யோஹான்செனும் வடதுருவம் நோக்கி நடந்தபோது, அவர்களிடம் பிரைமஸ் இருந்தது. கூடவே நான்சென் திட்டமிட்ட சமையற்கலமும் இருந்தது. நடுவில் உணவுப் பாத்திரம், அதைச் சுற்றி வளையமாகப் பனி உருக்கும் பாத்திரம், மேலே இன்னொரு பனித்தட்டு, அனைத்தையும் மூடிய வெளியுறை. சுடரின் வெப்பம் நேரே வெளியேறாமல் பனியைத் தழுவிச் சுற்றிவந்த பிறகே வெளியேறும். எடுத்துச் சென்ற மண்ணெண்ணெய் சுமார் 20 லிட்டர். நாள்தோறும் இருவேளைச் சூடான உணவுக்கும் வேண்டிய நீருக்கும் ஏறத்தாழ நான்கு மாதம் அது போதுமென்று கணக்கிடப்பட்டது. நாளொன்றுக்கு 170 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு பெரிய தேநீர்க் குவளை எண்ணெய். அதில் பாதி வெப்பம் மட்டுமே பயன்பட்டதாகக் கொண்டாலும் மூன்றரை லிட்டர் கொதிநீர் தேறும். பாத்திரத்தின் அமைப்பு நன்றாக இருந்ததால் கிடைத்தது அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். பர்னரைப் புகழ்வோர் பலர் பாத்திரத்தை மறந்துவிடுகின்றனர். பெருமையில் சரிபாதி பாத்திரத்துக்கு உரியது.

வடக்கே 86 பாகை 14 கலை வரை சென்று அவர்கள் திரும்பினர். ஃபிரான்ஸ் யோசெஃப் நிலத்தீவுகளை அடைவதற்குள் கோடை முடிந்துவிட்டது. கல்லடுக்கி, வால்ரஸ் தோல் போர்த்திய குடிலில் எட்டு மாதத்தைக் கழிக்க வேண்டிய நிலை. குளிர்காலம் முழுவதும் எரிக்க மண்ணெண்ணெய் ஏது? வண்டிச் சறுக்குக் கட்டைகளில் அடித்திருந்த ஜெர்மன் சில்வர் தகட்டைப் பெயர்த்து, ஓரங்களை மடக்கி அகலாக்கினர். வால்ரஸ் கொழுப்பு எண்ணெயாயிற்று. காயத்துக்குக் கட்டும் துணி திரியாயிற்று. கரடி இறைச்சி அதில் வெந்தது, நீரும் அதிலேயே உருகியது. குடிலும் அவர்களும் கரிபிடித்துப் போயினர். ஆனால் 1896 ஜூன் 17 அன்று தற்செயலாக ஃபிரெடெரிக் ஜாக்சன் என்னும் ஆங்கிலப் பயணியைச் சந்தித்து, பின்னர் எடை பார்த்தபோது, இருவருமே எடை கூடியிருந்தது தெரியவந்தது. அவசர அடுப்பு என்னும் பெயர் எதற்கேனும் பொருந்துமாயின் அந்த அகலுக்குப் பொருந்தும். அதற்கு வேண்டிய எரிபொருள் அதே நிலத்தில் நடமாடியது.

மறு ஆண்டு ஜூலையில் ஸ்வீடன் நாட்டுச் சலமோன் ஆகுஸ்ட் ஆந்த்ரே ஹைட்ரஜன் பலூனில் இரு தோழர்களுடன் வடதுருவம் நோக்கிப் பறந்தார். ஹைட்ரஜனுக்குக் கீழே தீ மூட்ட முடியாது. ஆகவே அடுப்பைக் கூடையிலிருந்து எட்டு மீட்டர் கீழே தொங்கவிட்டு, மேலிருந்தே பற்றவைத்து, சாய்ந்த கண்ணாடி ஒன்றில் சுடர் தெரிகிறதா என்று பார்க்கும் ஏற்பாட்டை நண்பர் ஒருவர் செய்துகொடுத்தார். பலூன் மூன்றே நாளில் பனிக்கடலில் இறங்கிவிட்டது. மூவரும் அக்டோபரில் வெண்தீவை அடைந்து அங்கேயே மாண்டனர். 1930இல் அவர்களுடைய முகாம் கண்டுபிடிக்கப்பட்டபோது பிரைமஸின் தொட்டியில் மண்ணெண்ணெய் எஞ்சியிருந்தது. அவர்கள் எதனால் இறந்தனர் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அடுப்பின் நச்சுக்காற்றே கொன்றது என்ற கருதுகோளை அந்த எஞ்சிய எண்ணெய் வலுவிழக்கச் செய்தது.

எல்லோரும் அறிந்த துயரம் 1912இல் நிகழ்ந்தது. ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் குழுவும் ரோல்ட் அமுண்ட்சென் குழுவும் தென்துருவத்துக்குக் கொண்டுசென்றது ஒரே பிரைமஸ் அடுப்பைத்தான். எனவே அடுப்பை மட்டும் மேசைமேல் வைத்து ஒப்பிட்டால் இரு குழுவுக்கும் சம மதிப்பெண். வேறுபாடு தகரங்களில் இருந்தது. வடமேற்குக் கடல்வழிப் பயணத்தில் குளிர் தாக்கிய தகரங்களிலிருந்து எண்ணெய் கசிந்தோடுவதைக் கண்டிருந்த அமுண்ட்சென், தம் தகரங்களைப் பற்றவைத்து அடைத்தார். திரும்பும் வழியில் பெட்டி மலை என்று அவர் பெயரிட்ட இடத்தில் கற்குவியலொன்று எழுப்பி, குறிப்போடு 17 லிட்டர் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் தீப்பெட்டிகளையும் விட்டுச்சென்றார். எண்ணெய் மிஞ்சியவர் செய்யும் செயல் அது. 1929 டிசம்பரில் லாரன்ஸ் கூல்டின் நிலவியல் குழு அக்குவியலைக் கண்டெடுத்தது.

ஸ்காட்டின் தகரங்கள் ஒரு காலன் அளவுள்ளவை. அவற்றின் மூடியில் இருந்தது தோல் வாஷர். எளிதில் எடுப்பதற்காகக் கிடங்குக் குவியல்களின் உச்சியில் வைக்கப்பட்டதால், பகலில் வெயிலும் பிறகு கடுங்குளிரும் மாறிமாறித் தாக்கின. வாஷர் சுருங்கியது, எண்ணெய் ஆவியாகியும் கசிந்தும் போயிற்று. 1912 பிப்ரவரி இறுதி முதல் மார்ச் 9 வரை, அடுத்தடுத்து அடைந்த கிடங்குகளில் எதிர்பார்த்ததைவிட எண்ணெய் குறைந்திருப்பதை ஸ்காட் நாட்குறிப்பில் பதிந்தார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. பொதுமக்களுக்கு எழுதிவைத்த கடைசிச் செய்தியிலும் அதை விளங்காத குறையாகவே குறிப்பிட்டார்.

விளக்கம் கடற்கரை முகாமிலேயே புதைந்து கிடந்தது. 1911 செப்டம்பரிலிருந்து கேப் எவன்ஸில் மரப்பெட்டியொன்றில் எட்டு ஒரு-காலன் தகரங்கள் கிடந்தன. 1912 டிசம்பரில் பனியிலிருந்து தோண்டியெடுத்துப் பார்த்தபோது மூன்று நிறைந்திருந்தன. மூன்று முற்றிலும் காலி. ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கு. எட்டில் நான்குக்கு நிகரான எண்ணெய்தான் எஞ்சியது. எந்தத் தகரம் காலியாகும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதே இதில் அச்சம் தருவது. சராசரியைக் கணக்கிட்டுப் பயணம் செய்தவன்கூட அடுத்த கிடங்கில் வெறுந்தகரத்தைச் சந்திக்கலாம்.

எண்ணெய் குறைந்தால் முதலில் குறைவது நீர். அடுத்துச் சூடான உணவு. பிறகு ஈரக் காலுறையையும் காலணியையும் கொஞ்சமேனும் உலர்த்தும் வெப்பம். மார்ச்சில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவு சென்றது. கடைசிக் கூடாரம் 'ஒன் டன்' கிடங்கிலிருந்து 11 மைல் தொலைவில் நின்றது. மார்ச் 20 அன்று ஆளுக்கு இரண்டு குவளைத் தேநீருக்கான எரிபொருளும் இரண்டு நாள் உணவும் இருந்ததாக மார்ச் 29 பதிவு சொல்கிறது. உணவுக்கு முன்பே தீ தீர்ந்துவிடும் நிலை. ஸ்காட் குழுவின் அழிவுக்கு எண்ணெய்க் கசிவு ஒன்றே காரணமென்று சொல்வது மிகை. அவ்வாண்டு மார்ச் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் கொண்டதாக இருந்ததை வானிலைப் பதிவுகளைக் கொண்டு சூசன் சாலமன் 2001இல் விரிவாக எடுத்துக்காட்டினார். உணவின் ஊட்டக் குறையும் நாய்வண்டிகளுக்கான ஆணைகளும் தனி விவாதங்கள். ஆனால் மற்ற காரணங்கள் எல்லாவற்றையும் ஓரளவு தாங்கிக்கொள்ள உதவியிருக்கக்கூடிய ஒரே பொருள் தகரத்திலிருந்து மறைந்துபோனது.

இந்தச் சிக்கலுக்கு மறைமுகமான விடையொன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. 1936இல் எரிக் ஷூம் ஹெக்ஸமின் என்னும் வேதிப்பொருளை வில்லையாக அழுத்தி எரிபொருளாக்கினார். 'எரிக் ஷூமின் வில்லை வடிவ எரிபொருள்' என்னும் ஜெர்மன் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்ததே 'எஸ்பிட்'. வில்லைகள் வைக்கும் தகரப் பெட்டியே விரித்தால் அடுப்பாகும். பம்பு இல்லை, வாஷர் இல்லை, கசிவு இல்லை; உறைவதற்கும் ஒன்றுமில்லை. படைவீரன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போரில் பரவிய இவ்வடுப்பே இன்று 'அவசர அடுப்பு' என்னும் பெயரில் உலகெங்கும் விற்கும் சிறு பெட்டிகளுக்கு மூதாதை.

அதன் எல்லையைக் கணக்கு காட்டிவிடும். 14 கிராம் வில்லை ஒன்றில் ஏறத்தாழ 420 கிலோஜூல் உண்டு. பாதி வெப்பம் பாத்திரத்தில் சேர்ந்தால் 210. குழாய்நீர் அரை லிட்டரைச் சூடாக்க ஒரு வில்லை போதும். டப்பா உணவைச் சூடாக்கவும் போதும். அதற்காகத்தான் அது படைக்கப்பட்டது. முன்சொன்ன பனியிலிருந்து ஒரு லிட்டரை உருக்க மட்டுமே இரண்டு வில்லை வேண்டும், கொதிக்கவைக்க நான்கு. ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர் என்றால், கொதிக்கவைக்காமலே ஆறு வில்லை. பெட்டிக்குள் அடங்கும் வில்லைகள் ஒரு நாளைக்கே போதா. இது அடுப்பின் குற்றமாகாது. நீருள்ள நிலத்துக்கான கருவியை நீரற்ற நிலத்துக்குப் பரிந்துரைப்போரின் குற்றம். மேலும் எரியும் ஹெக்ஸமின் கண்ணையும் மூச்சையும் உறுத்தும் நச்சாவிகளை விடுவதால் மூடிய கூடாரத்துக்கு ஆகாது.

கூடாரத்துக் காற்று எல்லா அடுப்புக்கும் பொதுவான இடர். 1934 குளிர்காலத்தில் அண்டார்க்டிகாவின் முன்னணி நிலையத்தில் தனியே தங்கிய ரிச்சர்ட் பெர்ட், அடுப்பும் மின்னாக்கியும் கக்கிய கார்பன் மோனாக்சைடால் சாவின் விளிம்புக்குப் போய், ஆகஸ்டில் மீட்கப்பட்டார். குளிரை அடைக்க அடைக்கக் காற்றும் அடைபடும். பனிப்புயலில் கூடார வாயைத் திறந்துவைக்க எவருக்கும் மனம் வராது என்பதால், மதிப்பீட்டாளர் அடுப்பைத் திறந்தவெளியில் மட்டும் சோதிப்பது பாதி வேலையே. வாயுக்குப்பி அடுப்புகளும் எளிமை தந்து ஓரிடத்தில் கைவிடும்: பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துவிடும் என்பதால், புரப்பேன் கலக்காத குப்பி கடுங்குளிரில் வெறுங்குப்பிதான். 1984 முதல் சியாச்சின் நிலைகளில் இந்திய வீரர்கள் பனியை உருக்கிக் குடிக்க மண்ணெண்ணெயை நம்பியிருப்பதன் காரணம் இங்கே விளங்கும். அதன் விலையாகக் கரிப்புகையைச் சுவாசிக்கின்றனர்.

அடுப்பை நீர்க்கணக்கால் அளக்க வேண்டுமென்று தெளிவாக வாதிட்டவர் கிரிஃபித் பியூ என்னும் பிரித்தானிய உடலியங்கியல் அறிஞர். 1952இல் சோ ஓயு மலையில் அவர் ஆராய்ந்தார். உயரத்தில் காற்று வறண்டது. ஏறுவோர் வேகமாக மூச்சிரைப்பர். மூச்சோடு உடல்நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். தாகவுணர்வு மட்டும் அதற்கேற்ப எழுவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் மூன்று லிட்டர் குடித்தாக வேண்டுமென்றும், ஸ்விஸ் குழுவினர் உச்சிக்கருகே குடித்தது மிகக் குறைவென்றும் அவர் கண்டார். மூன்று லிட்டர் என்று விதித்துவிட்டால் மற்றவை தாமே தொடரும்: எத்தனை அடுப்பு, எவ்வளவு எண்ணெய், அதைச் சுமக்க எத்தனை ஷெர்ப்பாக்கள், எந்த முகாம்வரை. 1953 பயணத்துக்கான பிரைமஸ் அடுப்புகள் உயரத்துக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1973இல், சியாட்டிலில் லாரி பென்பர்த்தி எரிபொருள் குப்பியையே தொட்டியாக்கி, பர்னரைத் தனியே பிரித்துவைத்து உருவாக்கிய அடுப்பும் மலையேறிகளின் நீர்க்குறைவைப் பற்றிய இதே கவலையில் பிறந்ததுதான்.

1953 மே 28 இரவு டென்சிங் மீண்டும் அதே முகட்டில், முன்னைய இடத்தைவிடச் சற்று மேலே, ஏறத்தாழ 8,500 மீட்டரில் இருந்தார். இம்முறை உடனிருந்தவர் எட்மண்ட் ஹில்லாரி. கூடாரத்துக்குள் பிரைமஸ் இரைந்துகொண்டிருந்தது. அவ்வுயரத்தில் நீர் 72 பாகையளவிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாது, பருப்பு வேகாது. ஆனால் பனி உருகும். சர்க்கரை கரைத்த எலுமிச்சை நீரை இருவரும் குவளை குவளையாகக் குடித்தனர். பிஸ்கட்டின்மேல் மத்தி மீனும், டப்பாவில் அடைத்த சர்க்கரைப் பாதாமிப் பழமும் உண்டனர். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 27 பாகை. விடியலில் அடுப்பை மீண்டும் மூட்டி மறுபடி குடித்தனர். இரவில் கழற்றிவைத்த ஹில்லாரியின் காலணிகள் கல்லாக உறைந்திருந்தன. அவற்றைச் சுடரின்மேல் காட்டி, தோல் கருகும் நாற்றம் கூடாரத்தை நிறைக்க, காலை நுழைக்கும் அளவுக்கு இளக்கினார். காலை ஆறரை மணிக்கு இருவரும் கூடாரத்தை விட்டு வெளியே வந்தனர்.